நாளொரு தையல்: உழைப்பும் பொழுதும் பற்றிய ஒரு நோக்கு

ஒரு செயலின் பெறுமதியை எதனைக் கொண்டு அளப்பது என்பது மெய்யியலின் பழைமையான வினாக்களுள் ஒன்று. விளைவைக் கொண்டா, செய்தவரின் நோக்கத்தைக் கொண்டா, செலவான உழைப்பைக் கொண்டா, சந்தை அதற்கு அளிக்கும் விலையைக் கொண்டா? பேரரசுகளையும் புரட்சிகளையும் காவியங்களையும் முன்னிறுத்தி இவ்வினாவை அறிஞர் பலர் ஆராய்ந்துள்ளனர். ஒரு கால்மிதியை முன்னிறுத்தி ஆராய்ந்தோர் அரியர். இக்கட்டுரை அத்தகைய சிறு பொருளொன்றிலிருந்தே தொடங்குகின்றது.

கண்டி நகரிலிருந்து கட்டுகஸ்தோட்டை நோக்கிச் செல்லும் வழியில் உள்ளது மஹய்யாவ. தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் பகுதி அது. நகரின் வீதிகளையும் வடிகால்களையும் துப்புரவு செய்வதற்கென ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வருவிக்கப்பட்ட தொழிலாளரின் வழித்தோன்றல்கள் பலர் இங்குள்ள குடியிருப்புகளில் வாழ்கின்றனர். என் பெரியம்மாவும் அவர்களுள் ஒருவர். பல ஆண்டுகளாக விடியுமுன் துடைப்பத்துடன் வீதிக்குச் சென்று நண்பகலுக்குப் பின் வீடு திரும்புபவர். திரும்பியபின் சமையலும் துவையலும் பேரக்குழந்தையும் காத்திருக்கும். இவற்றுக்கிடையே, பழைய பிஸ்கற் தகரப் பெட்டியொன்றைத் திறந்து, நாடோறும் சிறிதொன்றைத் தைப்பது அவர் வழக்கம். ஒரு நாள் தலையணை உறை, ஒரு நாள் பணம் வைக்கும் சுருக்குப்பை, ஒரு நாள் அயல்வீட்டுக் குழந்தைக்குச் சட்டை, வேறொன்றுக்கும் பொழுதில்லாத நாளில் ஒரு லேஞ்சிக்கு ஓரம். துணி பெரும்பாலும் தையற்கடைகளிற் கழித்தவையும், ஆடைத் தொழிற்சாலைகளின் கழிவாக நிறுத்து விற்கப்படும் வெட்டுத்துண்டுகளுமே.

பல்கலைக்கழகத்திற் புதிதாகச் சேர்ந்த செருக்கில் ஒருமுறை அவரிடம் நான், “இதையெல்லாம் கடையில மலிவா வாங்கலாமே, எதுக்கு இவ்வளவு பாடு?” என்று கேட்டேன். அவர் தலை நிமிராமலே விடை சொன்னார்: “ரோட்டக் காலையில கூட்டுனா அந்திக்கு மறுபடியும் குப்பைதான். இது நாளைக்கும் இருக்கும்ல.” அன்று அதனை ஒரு முதியவரின் பேச்சாகவே கொண்டேன். பின்னர் விரிவுரை மண்டபத்தில் ஹன்னா ஆரென்ட் என்பாரின் கருத்துகளைக் கேட்டபோதே அவ்விடையின் ஆழம் புலனாயிற்று.

1958இல் வெளிவந்த தமது நூலில் ஆரென்ட், மனிதரின் முயற்சிகளைப் பாகுபடுத்துகையில் உழைப்பையும் ஆக்கவேலையையும் வேறுபடுத்துகின்றார். உழைப்பு, உயிர் வாழ்தலின் சுழற்சிக்கு உரியது. சமைத்தல், கழுவுதல், கூட்டுதல் போன்றவை அன்றன்று செய்யப்பட்டு அன்றன்றே அழிவன. எவ்வளவு சிறப்பாகச் செய்யினும் மறுநாள் அவற்றின் சுவடு இராது. ஆக்கவேலையோ உலகில் நிலைக்கும் ஒரு பொருளை விட்டுச் செல்கின்றது. மேசை, வீடு, நூல் என்பன செய்தவரின் நாளைக் கடந்து நிற்பன. இப்பாகுபாட்டை நோக்குமிடத்து, வீட்டிலும் வீதியிலும் முற்றிலும் உழைப்புக்கே ஒப்படைக்கப்பட்ட ஒரு வாழ்வில், நாளொன்றுக்குச் சிறிதளவேனும் ஆக்கவேலைக்கு இடந்தேடும் முயற்சியே அந்தத் தையல் எனலாம். நகரைத் தூய்மையாக வைத்திருப்போரின் உழைப்பு, சரியாகச் செய்யப்படும்போது எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. செய்யப்படாத நாளிலேயே அது உணரப்படுகின்றது. தான் செய்தது தெரியவேண்டும் என்று ஒருவர் விரும்புவது தற்பெருமை ஆகாது. அது மனிதராக எண்ணப்படுவதற்கான மிகக் குறைந்த கோரிக்கை.

எனினும் இவ்வாறு சொல்லி முடித்துவிடுதல் எளிது, அது நேர்மையன்று. வறிய பெண்ணொருத்தியின் கைவேலையைப் புகழும் எழுத்துக்கு முன்னே மூன்று தடைகள் எழுகின்றன. அவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது பொருளியற் தடை. கையால் இரண்டு நாள் தைக்கும் பையைத் தொழிற்சாலை சில நிமிடங்களில் ஆக்கிவிடும். எனவே கைத்தையல் பயனற்ற பிடிவாதம் என்பர். 1977இன் திறந்த பொருளாதாரக் கொள்கையும் 1978இல் கட்டுநாயக்காவில் அமைந்த சுதந்திர வர்த்தக வலயமும் நாட்டின் தையலை ஏற்றுமதித் தொழிலாக மாற்றின. கண்டிக்கு அண்மையிலுள்ள பல்லேகலையிலும் ஆடைத் தொழிற்சாலைகள் எழுந்தன. பெரியம்மாவின் மூத்த மகள் அத்தகையதொன்றில் நான்கு ஆண்டுகள் வேலை செய்தவர். “நாலு வருஷமும் கைப்பட்டி மட்டும்தான். முழுசா ஒரு சட்ட தைக்கத் தெரியாது” என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு. மார்க்ஸ் தமது 1844ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படிகளில் விளக்கிய அந்நியமாதல் என்னும் நிலைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆக்கிய பொருள் ஆக்கியவருக்கு உரியதன்று. ஆக்கும் முறை அவர் தெரிந்தெடுத்ததன்று. அதை அணிபவர் யாரென்றும் அவர் அறியார். அத்தொழிற்சாலைகள் வெட்டியெறியும் துண்டுகளே நிறுவைத் தராசேறி மஹய்யாவவின் தகரப் பெட்டிக்கு வருகின்றன. மகளின் கையில் சட்டை துண்டுகளாகப் பிரிந்தது; தாயின் கையில் துண்டுகள் கூடி ஒரு பொருளாகின்றன. பொருளியலார் இவ்விரண்டையும் தையல் என்னும் ஒரே சொல்லால் அழைத்து வேகத்தை மட்டும் ஒப்பிடுகின்றனர். ஒன்றில் மனிதர் இயந்திரத்தின் உறுப்பு, மற்றதில் முழுமையின் தலைவர் என்பதை அவ்வளவுகோல் காட்டாது.

இயந்திரத்தின் மீது பழி போடுவதும் இங்கு பொருந்தாது. 1877இல் சிங்கர் நிறுவனம் இலங்கையில் தன் வணிகத்தைத் தொடங்கியது முதல் எத்தனையோ குடும்பங்களுக்கு மிதி இயந்திரம் சோறு போட்டிருக்கின்றது. இயந்திர நாகரிகத்தைக் கடுமையாகச் சாடிய காந்தியடிகளே 1924இல் தையல் இயந்திரத்துக்கு விதிவிலக்கு அளித்தார். மனைவி கையால் தைத்து வருந்துவதைக் கண்டு அன்பினாலேயே சிங்கர் அதனை ஆக்கினார் என்பது அவர் கூறிய காரணம். வரலாறு காட்டும் ஐசக் சிங்கர் அத்துணை அன்புடைய கணவரல்லர்; பல குடும்பங்களை ஒன்றுக்கொன்று தெரியாமல் நடத்தியவர். ஆயினும் காந்தியடிகளின் அளவுகோல் பிழையன்று. எக்கருவியையும் அது யாருடைய சோர்வைக் குறைக்கின்றது என்று கேட்டு மதிப்பிடவேண்டும் என்பதே அவ்வளவுகோல்.

இரண்டாவது தடை, கைவினையைப் போற்றுவோரிடமிருந்தே வருகின்றது. இங்கிலாந்தில் வில்லியம் மொறிஸும் நம் நாட்டில் ஆனந்த குமாரசுவாமியும் கைவேலையின் மேன்மையை உரக்க எடுத்துரைத்தவர்கள். கொழும்பில் 1877இல் பிறந்த குமாரசுவாமி, கண்டிய கைவினைகளை நேரிற் கண்டு ஆராய்ந்து, மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய தமது பெருநூலை 1908இல் வெளியிட்டார். மொறிஸ் பயன்படுத்திய கை அச்சுப்பொறியிலேயே அந்நூல் அச்சாயிற்று. கலைஞர் என்போர் தனியொரு வகுப்பினரல்லர், வேலை செய்யும் எவரும் கலைஞராகலாம் என்னும் அவர் நிலைப்பாடு நமக்கு உவப்பானதே. ஆனால் அவர் போற்றிய சமுதாயத்தில் கைவினைஞர் சாதிக்கடமையாலும் இராஜகாரியத்தாலும் நிலத்தோடு பிணைக்கப்பட்டிருந்தனர் என்பதை மறக்கலாகாது. பிறப்பால் விதிக்கப்பட்ட தொழிலில் நிறைவு காண்பதே மேன்மை என்று மஹய்யாவவில் நின்று ஒருவர் சொல்லட்டும். அச்சொல் எவ்வளவு கொடியது என்பது உடனே விளங்கும். அங்கு பிறப்பால் வந்த தொழில் துடைப்பம். ஊசியை எவரும் பெரியம்மாவுக்கு விதிக்கவில்லை. எனவே அவர் கைவேலையின் சிறப்பு அது மரபு வழி வந்தது என்பதில் இல்லை. மரபு அவருக்கு ஒதுக்காத ஒன்றை அவரே எடுத்துக்கொண்டார் என்பதிலேயே உள்ளது.

தையலுக்கு நம் இலக்கியத்தில் ஏற்றமான இடம் எப்போதும் இருந்ததாகவும் கொள்ள முடியாது. துன்னகாரர் என்னும் தையற்காரரைச் சிலப்பதிகாரம் புகார் நகரின் தொழிலாளருள் ஒருவராக எண்ணுகின்றது. பொருநராற்றுப்படையிலோ பல இழை நுழைந்த தையலுடைய கந்தை வறுமையின் அடையாளம். கரிகாலன் அதனை நீக்கி நுண்ணிய ஆடை வழங்குவதே கொடையின் அடையாளம். இரவில் பஞ்சு வேலைக்காக விழித்தெழும் பெண்ணொருத்தியின் சிறு விளக்கைப் புறநானூற்றுச் செய்யுளொன்று காட்டிச் செல்கின்றது. ஒட்டுப்போட்ட துணி நாணத்துக்குரியது என்னும் உணர்வு நம்மிடம் ஆழ வேரூன்றியது. பெரியம்மா தைத்துத் தந்த பையை முதலாண்டிற் பிறர் காணாதவாறு இன்னொரு பைக்குள் வைத்துக் கொண்டுசென்றவன் நான். அந்நாணத்தின் வேரை இலக்கியத்தில் தேடுவது தன்பிழையை மூதாதையர் மேல் ஏற்றும் தந்திரமாகவும் இருக்கலாம்.

மூன்றாவது தடையே மிக வலியது. பெண்ணுக்கு ஊசியைக் கொடுத்து அவளை அமைதியாக இருத்தி வைப்பது ஆதிக்கத்தின் பழைய உத்தி என்பது அது. உடுவிலில் 1824இல் அமெரிக்க மிஷனரிமார் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையை நிறுவியபோது எழுத்தோடு தையலும் கற்பிக்கப்பட்டது. எழுத்து உலகைத் திறந்தது. ஊசி நல்ல மனைவியை ஆக்குவதற்கெனக் கருதப்பட்டது. இன்றும் வீட்டில் ஆண் பிள்ளைக்குப் பொத்தான் தைக்கத் தெரியாதிருத்தல் குறையாக எண்ணப்படுவதில்லை. இந்நிலையில் நாடோறும் சிறு தையல் என்பது மன அமைதியா, மயக்க மருந்தா?

இவ்வினாவுக்கு மானிடவியல் தரும் ஒரு விளக்கம் துணைசெய்கின்றது. ஜூடித் பிரவுன் என்னும் ஆய்வாளர் 1970இல் வெளியிட்ட குறிப்பொன்றில், பல சமுதாயங்களிற் பெண்களுக்கு ஒதுக்கப்படும் வேலைகள் குழந்தை வளர்ப்போடு ஒத்துச் செல்வன என்றார். இடையில் நிறுத்தக்கூடியவை, மீண்டும் எளிதிற் தொடரக்கூடியவை, குழந்தைக்கு ஆபத்து விளைக்காதவை, வீட்டை விட்டு நெடுந்தூரம் செல்லத் தேவையற்றவை என்பன அவற்றின் இயல்புகள். எலிசபெத் பார்பர் 1994இல் வெளிவந்த தமது நூலில், நூற்றலும் நெய்தலும் பல்லாயிரம் ஆண்டுகள் பெண்கள் கையில் இருந்தமைக்கு இதுவே காரணமென விளக்கினார். இதிலிருந்து நாம் ஓர் உண்மையைப் பெறலாம். தையல் பெண்ணின் இயல்புக்கு ஏற்றது என்பதன்று அவ்வுண்மை. துண்டு துண்டாக வெட்டப்பட்ட பொழுதுக்கு ஏற்றது என்பதே. எவருடைய பொழுது பிறரால் இடையறாது குறுக்கிடப்படுகின்றதோ, அவர் கையில் நிற்கக்கூடிய ஆக்கவேலை இதுவே. வெட்டுத்துண்டுகளிலிருந்து துணியைக் கூட்டுவது போல வெட்டுண்ட பொழுதுகளிலிருந்து அவர் ஒரு நாளைக் கூட்டுகின்றார்.

ஒரு பெண் எழுதவேண்டுமாயின் தனக்கெனப் பணமும் ஓர் அறையும் வேண்டும் என்று 1929இல் வேர்ஜினியா வுல்ஃப் வாதிட்டார். தைப்பதற்கு அறை வேண்டியதில்லை. வாயிற்படி போதும். இதுவே தையலின் அருமை. இதுவே அதன் அநீதியும். அறை கேளாத கலையாதலால், அறை கொடுக்கவேண்டும் என்னும் கடமையிலிருந்து குடும்பம் தப்பித்துக்கொள்கின்றது. சிறியதில் நிறைவு காண்பவருக்குச் சிறியதே போதும் என்று முடிவுகட்டுதல் எவ்வளவு எளிது! சில்லறை வேலையைப் புகழ்வோர் இவ்விடத்தில் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்.

ஆனால் ஊசி எப்போதும் அமைதியாகவே இருந்ததுமில்லை. சிலி நாட்டில் 1973இல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய பின், காணாமலாக்கப்பட்டோரின் தாயரும் மனைவியரும் கந்தைத் துண்டுகளால் சிறு துணிச் சித்திரங்களைத் தைத்தனர். சிறைக் கதவுகளும் வெறுமையான நாற்காலிகளும் அவற்றில் இடம்பெற்றன. பெண்களின் கைவேலை என்று அற்பமாக எண்ணப்பட்ட வடிவத்தில் உண்மை எல்லை கடந்து சென்றது. மஹய்யாவவின் கால்மிதியில் அத்தகைய செய்தி எதுவுமில்லை. ஆயினும் ஒரு கருவி மயக்க மருந்தா மறுப்பா என்பதைக் கருவி தீர்மானிப்பதில்லை என்பதற்கு இவ்வெடுத்துக்காட்டுப் போதும்.

அவ்வாறாயின் அதனைத் தீர்மானிப்பது எது? விலையா? நகரில் உல்லாசப் பயணிகளுக்குப் பொருள் விற்கும் கடைக்காரர் ஒருவர் பெரியம்மாவின் பையைக் கண்டு, ஒரே மாதிரியாக ஐம்பது பைகள் கேட்டார். அவரும் தைத்துக் கொடுத்தார். கொடுத்த கூலி சிறியது. ஆயினும் அம்மாதம் மின் கட்டணத்துக்கு உதவிற்று. விற்றதால் கைவேலை மாசுபட்டது என்று சொல்லும் உரிமை பசியறியாதோருக்கு இல்லை. குறிக்கத்தக்கது வேறொன்று. அம்மாதம் முழுவதும் அவர் தமக்கென எதையும் தைக்கவில்லை. கடைசிப் பையைக் கொடுத்தனுப்பிய அன்று மாலையே பெட்டியைத் திறந்து, பேரனின் கிழிந்த காற்சட்டைப் பைக்குச் சிவப்புத் துணியில் ஒட்டுப்போட்டார். “சிவப்பு எதுக்கு?” என்று அவன் கேட்டான். “எனக்குப் புடிச்சிருக்கு” என்றார். அரிஸ்ரோட்டில் ஆக்கத்துக்கும் செயலுக்கும் வேறுபாடு கூறுவார். ஆக்கத்தின் இலக்கு ஆக்கப்படும் பொருளிலே உண்டு. செயலின் இலக்கு அச்செயலை நன்கு செய்தலே. சிவப்பு ஒட்டு ஒரே நேரத்தில் இரண்டுமாகின்றது. ஓட்டை அடைபட்டது என்பது ஆக்கம். எனக்குப் பிடித்திருக்கின்றது என்று ஒருவர் தம் வீட்டில் சொல்ல நேர்ந்தது செயல்.

1927 நவம்பரில் காந்தியடிகள் இலங்கைக்கு வந்து கண்டியிலும் பேசினார். கதருக்காக நிதி திரட்டுவதே அப்பயணத்தின் முதன்மை நோக்கம். நாடோறும் நூற்பதை அவர் ஒரு நோன்பாகக் கொண்டார். நாடோறும் தைப்பது அதனோடு ஒப்பு நோக்கத்தக்கதாயினும், வேறுபாடும் உண்டு. நூற்ற நூல் நாட்டுக்குரியது. எவர் நூற்றாலும் நூல் நூலே. சட்டையோ ஒரு குறிப்பிட்ட குழந்தைக்குரியது. அதன் தோளைச் சாணால் அளந்து, அடுத்த ஆண்டு வளரும் என்று மடிப்பில் இரண்டு விரற்கடை விட்டுத் தைப்பதில், இன்னொருவரை அவர் உள்ள அளவிலேயே அறியும் பயிற்சி அடங்கியுள்ளது. அறத்தின் தொடக்கம் இத்தகைய அளவெடுப்பே எனத் துணிந்து கூறலாம். 2022இன் பொருளாதார நெருக்கடியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டபோது, வீட்டிலிருந்த படிப்பும் தொலைக்காட்சியும் நின்றன. மெழுகுதிரிக்கருகில் கைத்தையல் நிற்கவில்லை. பால்மா இல்லாத அந்நாட்களில் அயற்குழந்தைக்குக் கொடுப்பதற்கு அவரிடம் இருந்தது ஒரு சட்டை மட்டுமே.

இனி நம் வினாவுக்குத் திரும்பலாம். சென்ற விடுமுறையில் ஒரு மாலை, வழக்கம்போல, தேநீர் கேட்டேன். “இந்த ஓரம் முடியட்டும்பா. நீ கேத்தல்ல தண்ணி வையேன்” என்றார். பெரியப்பா முகஞ்சுளித்தார். நான் எழுந்து தண்ணீர் வைத்தேன். அவ்வீட்டில் அது என் முதல் தேநீர். கொதிக்கும் வரை நின்ற அந்தச் சில நிமிடங்களில், நூல்களிற் தேடிய விடை அங்கிருப்பதை உணர்ந்தேன். குடும்பத்திலுள்ள அனைவரும் காத்திருக்கவைக்கும் உரிமை உடையவர்கள். பரீட்சை எழுதுபவரின் படிப்புக்காகவும் வேலைக்குச் செல்பவரின் உறக்கத்துக்காகவும் வீடு மூச்சடக்கி நிற்கின்றது. தையல் மட்டுமே எந்நொடியிலும் கீழே வைக்கத்தக்கதாகக் கருதப்படுகின்றது. எந்தக் கைவேலைக்காக வீடு ஒருபோதும் காத்திருப்பதில்லையோ, அது எவ்வளவு அழகியதாயினும் அடக்கத்தின் அணியே. எதற்காக வீடு ஓர் ஓரம் முடியும் வரையேனும் காத்திருக்கின்றதோ, அது விடுதலையின் ஒரு சாண்.

எனவே நாளொரு தையல் நன்றா தீதா என்பது தைப்பவரிடம் கேட்கவேண்டிய வினாவன்று. சுற்றியிருப்போரிடம் கேட்கவேண்டியது. இத்தீர்வு முழுமையானதன்று என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஒரு கோப்பைத் தேநீர் கூலியை உயர்த்தாது. துடைப்பத்தைப் பிறப்போடு பிணைத்த முடிச்சையும் அவிழ்க்காது. அவற்றுக்கு வேறு போராட்டங்கள் வேண்டும். பெரியம்மாவும் அதனை அறிவார். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் இளைய மகள் பெட்டியைத் தொட்டால், “நீ புஸ்தகத்தப் பாரு” என்று ஊசியைப் பிடுங்கிக்கொள்பவர் அவர். ஆயின் அதே பெட்டியைப் பேரனிடம் நீட்டிப் பொத்தான் தைக்கக் கற்றுக்கொடுத்திருக்கின்றார். மெய்யியல் பயில்வோர் எவரும் அவருக்கு அதனைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

இக்கட்டுரையின் கையெழுத்துப் படி அவர் தைத்த பையிலேயே இதழாசிரியரிடம் சென்றது. இம்முறை அதனை வேறொரு பைக்குள் வைக்கவில்லை.